காலை ஆறரை மணிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் காட்டுவது எப்படி

மேலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகளுக்கு ஏழு வயதில் வலது முழங்கால் வீங்கியது. பிறகு இடது கணுக்கால், இரண்டு மணிக்கட்டுகள், விரல்கள் என்று ஒவ்வொன்றாக வீங்கின. வளர்ச்சி வலி என்றார்கள், எண்ணெய் தடவச் சொன்னார்கள், கட்டுப் போட்டார்கள். ஐந்து மாதம் அலைந்த பிறகு மதுரையில் ஒரு மருத்துவர் அவளுடைய கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்துவிட்டு, சிறார் மூட்டழற்சி என்று நோயின் பெயரைச் சொன்னார். மருந்து, ஊசி, பரிசோதனை எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. இப்போது அவள் ஏழாம் வகுப்பு. இத்தனை வருடங்களில் நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை, இதே நோயுள்ள பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு மார்கழி மாதம். அவள் பள்ளிக்குப் போகும்போது பிரார்த்தனை முடிந்திருந்தது. தாமதமாக வந்தவர்களை வராந்தாவில் முட்டி போட வைத்திருந்தார்கள். இவளும் எதுவும் சொல்லாமல் போய் முட்டி போட்டிருக்கிறாள். மாலையில் வீட்டுக்கு வந்தபோது அந்த முழங்காலைத் தொட முடியவில்லை, சுட்டது. மறுநாள் கோபத்தோடு போனேன். வகுப்பாசிரியை என்னைவிடக் கோபமாக இருந்தார். "நேற்று மதியம் ஓடிப்பிடித்து விளையாடினாளே, நான் என் கண்ணால் பார்த்தேன். காலையில் மட்டும் எப்படிக் கால் வலிக்கும்?" என்று கேட்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. இந்த நோயின் குணமே அதுதான். காலையில் எழுந்ததும் மூட்டுகள் விறைத்துக் கிடக்கும். நடமாட நடமாட இளகும். பதினோரு மணிக்கு நன்றாக இருப்பாள். மதியம் விளையாடுவாள். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் மறுபடி விறைத்துக்கொள்ளும். ஒரு வாரம் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும், அடுத்த வாரம் பேனா பிடிக்க முடியாது. ஆசிரியர்கள் பார்ப்பது பகலில் இருக்கும் பிள்ளையை மட்டும்தான். நாம் வீட்டில் பார்க்கும் காலை ஆறரை மணிப் பிள்ளையை அவர்கள் பார்த்ததே இல்லை. ஆகவே எதைக் கேட்பதற்கும் முன்னால், அந்தப் பிள்ளையை அவர்களுக்குக் காட்டுங்கள்.

நான் செய்தது இதுதான். மகளிடம் கேட்டேன், "உன்னைப் படம் எடுத்து டீச்சரிடம் மட்டும் காட்டட்டுமா?" என்று. ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். மறுநாள் விடியற்காலையில் கைப்பேசியில் ஒன்றரை நிமிடம் எடுத்தேன். பாயிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்றுகிறாள், மணிக்கட்டு தாங்கவில்லை. முழங்கையை ஊன்றித் திரும்புகிறாள். சுவரைப் பிடித்து நிமிர்கிறாள். பிறகு காலை மடக்காமல், பலகை போல வைத்து வைத்து வாசல் வரை நடக்கிறாள். பிரஷை ஐந்து விரலாலும் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். அவள் அழவில்லை, நான் எதுவும் பேசவில்லை. பள்ளி விட்ட பிறகு யாரும் இல்லாத நேரம் பார்த்து வகுப்பாசிரியையிடம் காட்டினேன். அவர் பார்த்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். "எனக்கு இது தெரியாதுங்க" என்றார். அதன் பிறகு அவரிடம் நான் எதற்கும் வாதாட வேண்டி இருக்கவில்லை. உங்கள் பிள்ளை சம்மதித்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், உங்கள் கைப்பேசியிலேயே காட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து, நோயை இரண்டு நிமிடத்தில் எளிய தமிழில் விளக்கப் பழகிக்கொள்ளுங்கள். நான் சொல்வது இப்படி: "இது பதினாறு வயதுக்கு முன்பே பிள்ளைகளுக்கு வரும் மூட்டு நோய். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள் சவ்வைத் தாக்குகிறது, அதனால் வீக்கம். மற்றவர்களுக்கு ஒட்டாது. சத்துக் குறைவாலோ குளிர்ந்த தண்ணீரில் குளித்ததாலோ வந்ததில்லை. சிகிச்சை தொடர்ந்தால் பல பிள்ளைகளுக்கு அடங்கிவிடும்." கடையில் உள்ள மிதி மிஷினையும் உதாரணமாகச் சொல்வேன். குளிர்காலக் காலையில் சக்கரம் இறுகி நிற்கும், பத்துத் தடவை கையால் சுற்றிவிட்டால்தான் ஓடும். ஆனால் மிஷினுக்கு எண்ணெய் போட்டால் போதும், இவளுக்கு மூட்டில் எண்ணெய் வற்றியதால் வந்த நோய் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் மறுநாளே யாராவது நல்லெண்ணெய் வைத்தியம் சொல்லி அனுப்புவார்கள்.

மருத்துவரிடம் கடிதம் வாங்கும்போது கவனம் தேவை. எங்களுக்கு முதலில் கிடைத்த கடிதத்தில் நோயின் பெயரும் "சிகிச்சையில் உள்ளார்" என்ற ஒரு வரியும் மட்டுமே இருந்தன. அதை வைத்துக்கொண்டு ஆசிரியர் என்ன செய்ய முடியும்? அடுத்த முறை போகும்போது நாங்களே ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு போனோம். காலையில் தாமதமாகலாமா, தரையில் உட்காரலாமா, எவ்வளவு நேரம் தொடர்ந்து எழுதலாம், எந்த விளையாட்டுக் கூடாது, எந்த மருந்து, அதனால் வகுப்பில் அவளிடம் என்ன மாற்றம் தெரியும் என்று கேட்டோம். மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி, தேதியும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தோடு நம்முடைய கடிதம் ஒன்றும் வேண்டும். ஒரே பக்கம் போதும். நான் கொடுத்ததை அப்படியே தருகிறேன், உங்கள் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கு வணக்கம். தங்கள் பள்ளியில் படிக்கும் என் மகளுக்குச் சிறார் மூட்டழற்சி நோய் உள்ளது. மருத்துவர் கடிதம் இணைத்துள்ளேன். அவள் நன்றாகப் படிக்கக் கீழ்க்கண்ட ஏற்பாடுகளைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
1. மூட்டு விறைத்த நாட்களில் முதல் பாடவேளையின் நடுவில் வருவாள். அதைத் தாமதமாகக் கணக்கிட வேண்டாம்.
2. தரையில் அமராமல் நாற்காலியில் அமர வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும்.
3. கால் தொங்கவிட்டு உட்காரும் கழிப்பறை தேவை.
4. அவளுடைய வகுப்பு தரைத்தளத்தில் இருந்தால் நல்லது.
5. கை வலிக்கும் நாளில் எழுதுவதைக் குறைத்து, வாய்வழியாகக் கேட்கலாம்.
6. வகுப்பில் யாருக்காவது அம்மை வந்தால் அன்றே எனக்குத் தகவல் தர வேண்டும்."

கீழே இரண்டு கைப்பேசி எண்கள், என்னுடையதும் என் மனைவியுடையதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக்காக இல்லை. ஜூன் மாதம் வந்தால் ஆசிரியர்கள் மாறுவார்கள், தலைமையாசிரியரும் மாறுவார். புதிதாக வருபவரிடம் பழைய பிரதியைக் காட்டினால் பேச்சு சுருக்கமாக முடிகிறது.

"கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நான் முதல் வருடம் அதைத்தான் செய்தேன். அதற்குப் பலன், பாவப்பட்ட பிள்ளை என்ற பெயரும் ஓரமாக ஒரு இடமும்தான்.

இப்போது ஒவ்வொரு ஏற்பாட்டைப் பற்றியும் நான் கண்டதைச் சொல்கிறேன். முதலில் கழிப்பறை, ஏனென்றால் பெற்றோர் அதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான். நான்காம் வகுப்பில் அவளுடைய தண்ணீர்ப் பாட்டில் தினமும் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. கேட்டால், தாகமில்லை என்பாள். ஒரு நாள் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் எழ முடியவில்லை, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, ஆகவே தண்ணீரே குடிப்பதில்லை என்று. அரசுப் பள்ளிகள் பலவற்றில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென்று கைப்பிடியோடு ஒரு கழிப்பறை கட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் பள்ளியிலும் இருந்தது. உள்ளே விளக்குமாறும் உடைந்த பெஞ்சும் கிடந்தன, கதவில் பூட்டு. தலைமையாசிரியையிடம் சொன்னேன், நானும் இன்னொரு அப்பாவும் சேர்ந்து சனிக்கிழமை சுத்தம் செய்தோம். சாவியில் ஒன்றை மகளிடமே கொடுத்தார்கள். உங்கள் பள்ளியில் அப்படி ஒன்று இல்லையென்றால், நடுவில் துளையுள்ள கழிப்பறை நாற்காலி ஒன்றை வாங்கி வைக்கலாம். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியாவது பதித்துத் தரச் சொல்லுங்கள்.

கழிப்பறையோடு சேர்ந்தது உடை. பெரிய வகுப்புக்குப் போனதும் சீருடை சுடிதார் ஆகிவிடும். நாடா முடிச்சை வீங்கிய விரலால் அவிழ்க்க முடியாமல் அவள் நின்றதை என் மனைவி பார்த்தாள். நாடாவை உருவிவிட்டு அகலமான எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். சட்டைப் பித்தானைக் காஜாவுக்குள் நுழைப்பதும் அவளுக்குப் பெரிய வேலைதான். ஆகவே காஜாவை மூடித் தைத்து, பித்தான்களை மேலே வெறும் அழகுக்கு வைத்துவிட்டு, அடியில் வெல்க்ரோவைச் சிறு துண்டுகளாக வைத்தேன். முழு நீளத்துக்கும் ஒரே பட்டையாக வைக்காதீர்கள். பிரிக்கும்போது சத்தம் வரும், குனிந்தால் விறைப்பாக நிற்கும். ஒவ்வொரு பித்தானுக்கும் கீழே ஓர் அங்குலம் போதும். பார்த்தால் மற்றப் பிள்ளைகளின் சட்டை போலவேதான் இருக்கும். எந்தத் தையல்காரரிடம் சொன்னாலும் அரை மணியில் செய்து தருவார். ஷூவுக்கு லேஸ் வேண்டாம், ஒட்டும் பட்டை உள்ளதை வாங்குங்கள்.

நாற்காலி விஷயத்தில் நான் தவறு செய்தேன். எல்லோரும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க இவள் மட்டும் நாற்காலியில் இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது நாளே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். சுவரோரம் ஒரு பெஞ்சு போட்டு, நான்கு பிள்ளைகள் முறைவைத்து அவளோடு உட்காரும்படி செய்தார். எழுந்து நடப்பதற்கும் அவர்தான் யோசனை செய்தார். கரும்பலகை அழிப்பது, நோட்டுகளை அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பது, பக்கத்து வகுப்பில் சாக்பீஸ் வாங்கி வருவது எல்லாம் இவளுடைய வேலை. அரை மணிக்கு ஒரு முறை கால் நடந்துவிடும், எழுந்ததற்கு ஒரு காரணமும் இருக்கும். இந்த ஒரு யோசனையை மட்டுமாவது உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

பை கனமாக இருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேல் வகுப்புக்குப் போன பிள்ளையிடம் பழைய பாடப்புத்தகங்களை வாங்கி ஒரு செட்டை வகுப்பு அலமாரியில் வைத்துவிட்டோம்.

எழுதுவதற்கு, பேனாவைச் சுற்றிப் பஞ்சும் துணியும் வைத்துத் தடிமனாக்கிக் கொடுத்தேன். தடித்த பேனாவை விரல் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. கணக்கில் விடை சரியாக இருந்தால் கேள்வியைத் திரும்ப எழுத வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் பாதிப் பக்கம் மிச்சம். தேர்வுதான் பெரிய கவலை. பள்ளிக்குள் நடக்கும் தேர்வுகளில் கூடுதல் நேரம் கொடுப்பது தலைமையாசிரியர் மனது வைத்தால் நடக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அப்படி இல்லை, விண்ணப்பம், மருத்துவச் சான்று எல்லாம் வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே பேச்சைத் தொடங்குங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 16, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியைச் செய்து தர வேண்டும் என்கிறது. பல சலுகைகளுக்கு 40 சதவீத ஊனச் சான்று கேட்பார்கள். நம் பிள்ளைகளின் மூட்டு, சான்று பார்க்கும் நாளில் நன்றாக இருந்துவிட்டால் அந்த அளவு வராமல் போகலாம். ஆனால் எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. 40 சதவீதம் இல்லை என்பதற்காக, சொல்வதை எழுதுபவர் வசதியை அவருக்கு மறுக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. அதையொட்டி 2022-இல் மத்திய அரசு, 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தும் எழுதச் சிரமப்படுபவர்களுக்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. முட்டி போட வைப்பது போன்ற உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 எந்தப் பிள்ளைக்குமே தடை செய்கிறது. இவற்றை நான் ஒரு முறைகூட மேசையில் போட்டுச் சண்டையிட்டதில்லை. தெரிந்து வைத்திருந்தால் பேசும்போது குரல் நடுங்குவதில்லை. பள்ளியில் வழி தெரியாவிட்டால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், அவரைப் பாருங்கள்.

மருந்து பற்றிப் பள்ளிக்குத் தெரிய வேண்டியவை சில. என் மகள் வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறாள். அதை எடுத்த மறுநாள் குமட்டும், சோர்வாக இருக்கும். மருத்துவரைக் கேட்டுச் சனிக்கிழமை இரவுக்கு மாற்றிக்கொண்டோம், குமட்டல் ஞாயிறோடு போய்விடுகிறது. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. ஆகவே பள்ளியில் எந்தத் தடுப்பூசி போட வந்தாலும் முதலில் நமக்குச் சொல்ல வேண்டும். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் சில உண்டு, மருத்துவரைக் கேட்காமல் அவற்றைப் போடக் கூடாது. அம்மை இன்னும் முக்கியம். நம் ஊரில் வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவோம், வெளியில் பேசமாட்டோம், பள்ளிக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்புவோம். அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குச் சின்னம்மை என்று எனக்குத் தெரிந்தால்தான் உடனே மருத்துவரிடம் ஓட முடியும். ஆகவே டீச்சரிடம் சொல்லி வைத்தேன்: "யாராவது இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் என்று வராமல் இருந்தால், அம்மையா என்று மெதுவாக விசாரித்து எனக்குச் சொல்லுங்கள். பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம்." ஒரு முறை அவர் அப்படிச் சொன்ன அன்றே நாங்கள் மதுரைக்குப் போனோம்.

கண்ணை மறந்துவிடாதீர்கள். இந்த நோய் கண்ணுக்குள்ளும் அழற்சியை உண்டாக்கலாம். பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது, பிள்ளைக்கே தெரியாமல் பார்வை குறையலாம். ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தால்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம். அந்த நாளுக்கு விடுப்பு என்று வருட ஆரம்பத்திலேயே பள்ளியில் சொல்லிவிடுகிறோம். கரும்பலகையைப் பார்த்துத் தப்பாக எழுதத் தொடங்கினால் திட்டாமல் எனக்குச் சொல்லும்படி ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறேன். அந்த மருத்துவமனையை 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கு முப்பது வயதையொட்டி முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். அவருக்கு வந்தது பெரியவர்களுக்கு வரும் நோய், என் மகளுடையது வேறு. ஆனாலும் முதல் முறை அங்கே போய் வந்த பஸ்ஸில் அவரைப் பற்றி அவளிடம் சொன்னேன். தன் கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே ஒத்தக்கடை வரை வந்தாள்.

விளையாட்டு வேளையில் உட்கார வைத்துவிடுவதுதான் பள்ளிகள் செய்யும் பெரிய தவறு. அன்பினால் செய்கிறார்கள், ஆனாலும் தவறு. அசைவு இந்த மூட்டுகளுக்கு நல்லது. வீக்கம் உள்ள நாளில் குதிப்பது, கோ-கோவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுவது வேண்டாம். மற்ற நாட்களில் அவளால் முடிந்ததை ஆடட்டும், வலித்தால் அவளே நிறுத்தட்டும். எப்போதும் விசில் ஊதுபவளாக, மதிப்பெண் எழுதுபவளாக மட்டும் வைக்காதீர்கள் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொன்னேன். ஆண்டு விழாவில் கும்மி ஆடினாள், கடைசி வரிசையில்.

வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். என் மகளைக் "கிழவி" என்று கூப்பிட்டார்கள், ஒட்டிக்கொள்ளும் என்று அவள் தண்ணீர்ப் பாட்டிலைத் தொடமாட்டார்கள். ஒரு வருடம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள் அறிவியல் பாடத்தில் எலும்பும் மூட்டும் வந்தபோது தானே எழுந்து, தன்னுடைய வீங்கிய கணுக்காலையும் நன்றாக இருக்கும் கணுக்காலையும் காட்டிச் சொன்னாள் என்று டீச்சர் வந்து சொன்னார். அதை நானோ டீச்சரோ அவளுக்காகச் செய்திருந்தால் அப்படி அமைந்திருக்காது.

இந்த ஜூனில் கடிதத்தை அவளே எழுதுவதாகச் சொன்னாள். பழைய பிரதியை எடுத்துக் கொடுத்தேன். கை வலிக்க வலிக்க இரண்டு மாலையில் எழுதினாள். நாற்காலி வரியை எடுத்துவிட்டாள், இந்த வகுப்பில் எல்லோருக்கும் பெஞ்சு இருக்கிறது. "கை வலிக்கும் நாளில்" என்ற இடத்தில் "கை வலிக்கிறது என்று நான் சொல்லும் நாளில்" என்று திருத்தியிருந்தாள். கழிப்பறைச் சாவி ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும் என்று புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தாள். கீழே இரண்டு கைப்பேசி எண்களுக்கும் மேலே தன் பெயரை எழுதிவிட்டு, என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினாள்.